பாட்டி தலையை ஆட்டவில்லை!
காமிராவுக்குள் பிலிம் செய்யும் குறும்பு

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய போட்டோ மாட்டியிருக்கிறது. 1964-ம் ஆண்டில், என் அத்தையின் கல்யாணத்துக்கு மறுநாள் எடுத்த படம். மொத்தம் 22 பேர். முன் வரிசையின் நடுவில் நாற்காலியில் பாட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

இடது கோடியில் உட்கார்ந்திருப்பவர் சின்னத் தாத்தா. அவர் நெற்றியில் விபூதிக் கோடுகள் மூன்றையும் எண்ணலாம். வலது கோடியில் ஒரு அத்தைப் பாட்டி. அவர் புடவைக் கரையில் உள்ள கட்டங்கள்கூடத் தெரிகின்றன. பின்னால் நிற்கும் மணமக்களும் நன்றாகவே விழுந்திருக்கிறார்கள். ஆனால் நடுவில் இருக்கும் பாட்டியின் முகம் மட்டும் மங்கல். புகைக்கு அப்பால் பார்ப்பது போல் இருக்கிறது.

பாட்டியின் போட்டோ அது ஒன்றுதான் என்று எல்லோரும் எண்ணியிருந்தோம்.

"படம் பிடிக்கிற நேரத்தில் தலையை ஆட்டிவிட்டாள்" என்று தாத்தா சொல்வாராம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சிரிப்பாராம். "நான் ஆடவே இல்லையே" என்று பாட்டி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பழியோடுதான் பாட்டி கண்ணை மூடினாள்.

60 ஆண்டுகளுக்குப் பிறகு, பாட்டி சொன்னதுதான் உண்மை என்று தெரிந்தது. அதற்குச் சாட்சி சொன்னது யார் தெரியுமா? பாட்டி உட்கார்ந்திருந்த நாற்காலி!

நாற்காலியின் சாட்சி

ஒரு நாள் பூதக்கண்ணாடி வைத்து அந்தப் படத்தைப் பார்த்தேன். பாட்டியின் முகம் மட்டும் மங்கலாக இல்லை. நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளும் மங்கலாக இருந்தன. பாட்டி தலையை ஆட்டலாம். நாற்காலி ஆடுமா?

இன்னொரு வேடிக்கையும் இருந்தது. மணமக்களின் தலைக்கு மேலே, சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. அது பாட்டிக்கு இரண்டரை அடி பின்னால் இருக்கும். அதன் தேதி மட்டும் பளிச்சென்று தெரிகிறது!

போட்டோக்காரர் தூரத்தைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டாரா? அப்படியானால் முன் வரிசை முழுவதும் மங்கியிருக்க வேண்டும். கோடியில் இருப்பவர்கள் தெளிவாக இருக்கிறார்களே! காமிரா ஆடிவிட்டதா? அப்படியானால் 22 பேரும் ஆடியிருக்க வேண்டும்.

ஆகவே தவறு பாட்டியிடம் இல்லை. லென்ஸிலும் இல்லை. லென்ஸுக்குப் பின்னால், காமிராவின் இருட்டறைக்குள் இருக்கும் பிலிமில்தான் ஏதோ நடந்திருக்கிறது.

கடலைப் பொட்டலம்

இதைப் புரிந்துகொள்ள ஒரு கடலைப் பொட்டலம் போதும். கூம்பாகச் சுருட்டிய பொட்டலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் அகலம். போகப் போகக் குறுகி, நுனியில் ஒரு புள்ளியாக முடிகிறது.

லென்ஸுக்குள் நுழையும் வெளிச்சமும் அப்படித்தான். பாட்டியின் மூக்குத்தியிலிருந்து வரும் வெளிச்சம் லென்ஸின் அகலம் முழுவதும் நுழைகிறது. பிறகு கூம்பு போல் குவிந்து, ஒரு புள்ளியில் வந்து சேருகிறது. அந்த நுனியில் பிலிம் இருந்தால் மூக்குத்தி ஒரு புள்ளியாகப் பதியும். படம் தெளிவாக இருக்கும்.

பிலிம் சற்று முன்னால் வந்துவிட்டால்? பொட்டலத்தை நுனிக்குக் கொஞ்சம் மேலே கத்தரித்துப் பாருங்கள். வெட்டிய இடம் ஒரு வட்டம். புள்ளியாக விழ வேண்டிய மூக்குத்தி, வட்டமாக விழும். முகத்தின் ஒவ்வொரு புள்ளியும் இப்படி வட்டமாகி, ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் என்ன ஆகும்? அதைத்தான் மங்கல் என்கிறோம்.

பிலிம் எவ்வளவு நகர்ந்தால் படம் கெடும்? இந்தப் பத்திரிகையின் ஒரு தாளை விரலால் தடவிப் பாருங்கள். அதன் கனம் சுமார் 0.07 மில்லிமீட்டர். தலைமுடியின் கனமும் ஏறக்குறைய அவ்வளவுதான். 35 மில்லிமீட்டர் பிலிம் போடும் சிறிய காமிராவில், லென்ஸை அகலமாகத் திறந்து படம் எடுக்கும்போது, இந்த அளவு நகர்ந்தாலே தெளிவு போய்விடும்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். லென்ஸின் துவாரத்தை எப்-2 என்ற அளவில் அகலமாகத் திறந்திருக்கிறோம். பிலிம் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. புள்ளி 0.05 மில்லிமீட்டர் வட்டமாகிவிடும். படத்தை 8 மடங்கு பெரிதாக்கினால் அந்த வட்டம் 0.4 மில்லிமீட்டர். கையில் வைத்துப் பார்க்கும் படத்தில் சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வட்டத்தை நம் கண் கண்டுபிடித்துவிடும். 0.4 என்றால் தப்பவே முடியாது.

அதே துவாரத்தை எப்-16 அளவுக்குச் சுருக்கினால்? பொட்டலம் ஒல்லியாகி ஊசி போல் ஆகிவிடுகிறது. எங்கே வெட்டினாலும் வட்டம் சிறியதுதான். அதே 0.1 மில்லிமீட்டர் தவறு, பெரிதாக்கிய பிறகும் 0.05 மில்லிமீட்டர் அளவுதான். கண்ணுக்குத் தெரியாது. நல்ல வெயிலில் எடுத்த படங்கள் பெரும்பாலும் தெளிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெயிலில் துவாரத்தைச் சுருக்கிவிடுகிறோம் அல்லவா?

எங்கள் வீட்டுப் படமோ கூடத்துக்குள் எடுத்தது. வெளிச்சம் போதாது. துவாரத்தை அகலமாகத் திறக்க வேண்டியதாயிற்று.

கண்ணாடி போய் பிலிம் வந்தது

தொடக்க காலத்துப் போட்டோக்காரர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் இல்லை. 1839-ல் டாகுர் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட முறையில், வெள்ளி பூசிய செம்புத் தகட்டில் படம் எடுத்தார்கள். 1851-க்குப் பிறகு கண்ணாடித் தகடுகள் பரவின. தகடும் கண்ணாடியும் வளையாதவை. வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கும். ஆனால் கனம் அதிகம். கைதவறினால் உடைந்துபோகும். வெளியூரில் படம் எடுக்க வேண்டுமானால் பெட்டி பெட்டியாகச் சுமக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் இந்தச் சுமையை இறக்கி வைத்தார். 1888-ல் அவருடைய கோடக் காமிரா வந்தது. 1889-ல் ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு பிலிம் சுருள் விற்பனைக்கு வந்தது. 1900-ல் பிரௌனி என்ற பெட்டிக் காமிராவை ஒரு டாலருக்கு விற்றார்கள். பள்ளிப் பிள்ளைகளும் படம் எடுக்கத் தொடங்கினார்கள்.

கனம் போயிற்று. உடையும் பயம் போயிற்று. ஆனால் புதிய தொல்லை ஒன்று வந்தது. சுருட்டி வைத்த பாய் விரித்த பிறகும் சுருளப் பார்க்கும் அல்லவா? பிலிமும் அப்படித்தான்!

ஏன் வளைகிறது?

பிலிமின் ஒரு பக்கத்தில் ஜெலட்டின் பூச்சு இருக்கிறது. வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் வெள்ளி உப்புகள் இந்தப் பூச்சில்தான் இருக்கின்றன. ஜெலட்டினின் குணம் நம் வீட்டு அப்பளத்தின் குணம் போன்றது. ஈரக் காற்றில் தண்ணீரை வாங்கி உப்பும். வறண்ட காற்றில் சுருங்கும். அடியில் உள்ள பிளாஸ்டிக் அந்த அளவுக்கு உப்புவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் இழுபட, பிலிம் வளைகிறது. இதைச் சரிக்கட்டப் பல பிலிம்களுக்குப் பின்பக்கத்திலும் ஒரு பூச்சுக் கொடுத்தார்கள். வளைவு குறைந்தது. ஆனால் அடியோடு போகவில்லை.

120 என்று எண்ணிட்ட சுருளில் இன்னொரு சங்கடம் உண்டு. 1901-ல் வந்த இந்தச் சுருள் இன்றும் விற்பனையாகிறது. இதில் பிலிமுக்குப் பின்னால் நீளமாக ஒரு காகிதம் சேர்ந்து வரும். காமிராவின் முதுகில் உள்ள சிவப்புச் சன்னல் வழியே தெரியும் எண்கள் இந்தக் காகிதத்தில்தான் அச்சாகியிருக்கின்றன. பிலிமின் ஒரு முனை மட்டும் காகிதத்தில் ஒட்டியிருக்கும். மறு முனை சும்மா இருக்கும். இரண்டும் ஒன்றாகச் சுருளும்போது, ஒன்று சற்று முந்தும், ஒன்று சற்றுப் பிந்தும். நடுவில் உப்பல் விழ இடம் உண்டாகிறது.

முதுகில் ஒரு தகடு

இந்தக் குறும்புக்காரப் பிலிமை அடக்க, காமிரா செய்தவர்கள் ஒரு காவலரைப் போட்டார்கள். பழைய காமிராவின் பின்கதவைத் திறந்து பாருங்கள். கதவின் உட்புறத்தில் கறுப்பாக, வழவழப்பாக ஒரு தகடு இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். அடியில் வில் இருக்கிறது. கதவை மூடியதும் இந்த அழுத்துத் தகடு பிலிமின் முதுகில் வந்து நின்றுகொள்ளும்.

அப்படியானால் பலமாக அழுத்திவிட்டால் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு படத்துக்கும் பிலிம் நகர வேண்டும். இறுக்கி அழுத்தினால் நகராது. நகர்ந்தாலும் கீறல் விழும். ஆகவே 35 மில்லிமீட்டர் காமிராக்களில் பிலிம் ஓட ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். சந்தின் அளவு சுமார் 0.2 மில்லிமீட்டர். பிலிமின் கனம் சுமார் 0.13 மில்லிமீட்டர். மிச்சம் இருப்பது ஏறக்குறைய ஒரு தாளின் கனம். பிலிம் விளையாடுவது அந்த மிச்ச இடத்தில்தான்.

முன்பக்கத்திலோ எந்தத் தடையும் இல்லை. படம் விழ வேண்டிய இடமாயிற்றே! பிலிமின் ஓரங்களைத்தான் தாங்க முடியும். நடுப்பகுதி லென்ஸை நோக்கி உப்பினால் தடுக்க ஆள் இல்லை.

அன்று நடந்தது என்ன?

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். பெரியப்பாவுக்கு இப்போது 85 வயது. அன்று நடந்ததை அவரிடம் கேட்டேன்.

"போட்டோக்காரர் காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். துருத்தி வைத்த மடக்குக் காமிரா. சுருளை மாட்டி, முதல் படத்துக்குத் திருகி, காமிராவை மடித்து வைத்துவிட்டார். உன் சின்னத் தாத்தா வர வேண்டிய பஸ் வரவில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அவர் வந்ததும் எல்லோரும் அவசர அவசரமாக உட்கார்ந்தோம். போட்டோக்காரர் காமிராவை 'டக்'கென்று திறந்தார். உடனே எடுத்துவிட்டார்" என்றார் பெரியப்பா.

விஷயம் விளங்கிவிட்டது!

திருகிய உடனே பிலிம் விறைப்பாக இருக்கும். இரண்டு மணி நேரத்தில் அந்த விறைப்பு தளர்ந்திருக்கும். கல்யாண வீட்டில் கோட்டை அடுப்பு, கொதிக்கும் அண்டா, ஈரக் காற்று. போதாக்குறைக்குத் துருத்தி. கொல்லன் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். விரித்தால் காற்றை உள்ளே இழுக்கும். காமிராத் துருத்தியும் சட்டென்று விரிந்தால் அதையே செய்யும். அந்த இழுப்பில் பிலிமின் நடுப்பகுதி லென்ஸை நோக்கி உப்பும். மடக்குக் காமிரா வைத்திருந்த அனுபவசாலிகள் இதை நன்றாக அறிவார்கள்.

பிலிம் முன்னால் வந்தால், தெளிவாக விழும் இடம் பின்னால் போகும். அத்தகைய காமிராவில், 4 மீட்டர் தூரத்தில் பாட்டி இருக்கும்போது பிலிம் அரை மில்லிமீட்டர் உப்பினால், தெளிவு விழும் இடம் சுமார் 80 சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். அதாவது இரண்டரை அடிக்குச் சற்று அதிகம். அங்கேதானே காலண்டர் இருந்தது!

ஓரங்களில் பிலிம் உப்பவில்லை. ஆகவே, பஸ்ஸுக்காக எல்லோரையும் காக்க வைத்த சின்னத் தாத்தா விபூதிக் கோட்டோடு தெளிவாக விழுந்துவிட்டார். சொன்னபடி அசையாமல் உட்கார்ந்திருந்த பாட்டிக்குத்தான் பழி வந்தது.

வேண்டுமென்றே வளைத்தவர்கள்

பிலிம் தட்டையாக இருக்க வேண்டும் என்றோம். ஆனால் பிலிமை வேண்டுமென்றே வளைத்து வைத்த காமிராக்களும் உண்டு!

மலிவான காமிராவில் ஒரே ஒரு சாதாரண லென்ஸ்தான் இருக்கும். அது படத்தைத் தட்டையான பரப்பில் குவிப்பதில்லை. கிண்ணத்தின் உட்புறம் போன்ற வளைந்த பரப்பில் குவிக்கும். நடுவைச் சரி செய்தால் ஓரம் மங்கும். ஓரத்தைச் சரி செய்தால் நடு மங்கும். இதற்கு விலை உயர்ந்த லென்ஸ் போடுவதற்குப் பதில், பிலிமையே வளைத்துவிட்டார்கள். 1950-களில் வந்த பிரௌனி 127, அக்பா கிளாக் ஆகிய காமிராக்கள் இந்த வகை.

விஞ்ஞானிகளும் இதைச் செய்தார்கள். அமெரிக்காவில் பாலோமர் மலைமேல் உள்ள ஷ்மிட் தொலைநோக்கியில் 14 அங்குலச் சதுரக் கண்ணாடித் தகடுகளைப் போட்டார்கள். மெல்லிய அந்தத் தகடுகளைச் சட்டத்தில் வைத்து, உடையாமல் வளைத்து, வானத்தைப் படம் எடுத்தார்கள். 1949 முதல் 1958 வரை இப்படி வானத்தின் பெரும்பகுதியைப் படமாக்கினார்கள்.

இதைவிட அருமையான காமிரா உங்களிடமே இருக்கிறது. நம் கண்ணுக்குள் படம் விழும் திரை தட்டையாக இல்லை. கிண்ணம் போல் வளைந்திருக்கிறது.

ஆக, தட்டையா வளைவா என்பதல்ல முக்கியம். லென்ஸ் எங்கே படத்தைக் குவிக்கிறதோ, அங்கே பிலிம் இருக்க வேண்டும். மயிரிழை தவறக் கூடாது.

சந்திரன் படத்தில் கூட்டல் குறி

மயிரிழைகூடத் தவறக் கூடாத வேலைகளில் என்ன செய்தார்கள்?

விமானத்திலிருந்து நிலத்தை அளக்கும் காமிராக்களில் காற்றை உறிஞ்சும் ஏற்பாடு வைத்தார்கள். துளைகளும் பள்ளக் கோடுகளும் உள்ள தகடு பிலிமின் முதுகை உறிஞ்சித் தட்டையாகப் பிடித்துக்கொள்ளும். 1990-ல் வந்த கான்டாக்ஸ் ஆர்.டி.எஸ். 3 என்ற கைக் காமிராவிலும் இந்த ஏற்பாடு இருந்தது.

1969-ல் சந்திரனில் மனிதன் இறங்கியபோது எடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சிறு சிறு கூட்டல் குறிகள் வரிசையாகத் தெரியும். அவை சந்திரனில் இல்லை. காமிராவுக்குள் பிலிமை ஒட்டினாற்போல் வைத்த கண்ணாடித் தகட்டில் இருந்தவை. குறிக்குக் குறி 10 மில்லிமீட்டர் இடைவெளி. படத்தில் இடைவெளி மாறியிருந்தால், பிலிம் நீண்டோ சுருங்கியோ போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

வானத்தை ஆராய்கிறவர்கள், பிலிம் வந்த பிறகும் கண்ணாடித் தகடுகளை எளிதில் கைவிடவில்லை. நம் கொடைக்கானல் வான ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வைத்தார்கள். பல்லாண்டுகள் கண்ணாடித் தகடுகளே அங்கு பயன்பட்டன. கண்ணாடி வளையாது, சுருங்காது.

இன்று கைபேசியில் பிலிம் இல்லை. அந்த இடத்தில் தட்டையான ஒரு சில்லு இருக்கிறது. அது உப்புவதில்லை. ஆனால் சட்டம் அதே சட்டம்தான். 2009-ல் விண்ணுக்குப் போன கெப்ளர் தொலைநோக்கியில் 42 சில்லுகளை ஒரு வளைந்த பரப்பின்மேல் பதித்திருந்தார்கள்.

பிலிமில் படம் எடுப்பவர்களுக்கு

பழைய காமிராக்களைத் தூசு தட்டி எடுத்து, பிலிமில் படம் எடுக்கும் ஆசை இளைஞர்களிடம் மீண்டும் பிறந்திருக்கிறது. அவர்களுக்குச் சில யோசனைகள்:

படம் எடுத்து முடித்ததும் பிலிமைத் திருகி வைக்காதீர்கள். அடுத்த படம் எடுப்பதற்குச் சற்று முன்னால் திருகுங்கள். பிலிம் விறைப்பாக இருக்கும்.

மடக்குக் காமிராவானால் முதலில் மெதுவாகத் திறங்கள். பிறகு திருகுங்கள். திருகிவிட்டுத் திறக்காதீர்கள்.

பாதிச் சுருளோடு காமிராவை மாதக்கணக்கில் பெட்டியில் போடாதீர்கள். பிலிம் வளைந்த இடத்தில் வளைந்தபடியே பழகிவிடும்.

அழுத்துத் தகட்டை மென்மையான துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் போதும், பிலிமைத் தூக்கிவிடும்.

கூட்டமாக நிற்பவர்களை எடுக்கும்போது, வெளிச்சம் இருந்தால் துவாரத்தை எப்-8 அல்லது எப்-11 அளவுக்குச் சுருக்குங்கள். முக்கியமானவர்களை இரண்டு முறை எடுங்கள்.

இரண்டாவது படம்

இந்தக் கடைசி யோசனையை அந்தப் போட்டோக்காரர் அன்றே கடைப்பிடித்திருக்கிறார்!

பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில், எண்ணெய்க் காகித உறைக்குள் இரண்டு நெகடிவுகள் கிடைத்தன. சன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முதல் நெகடிவில் பாட்டி மங்கலாகத்தான் இருந்தாள். தவறு காமிராவுக்குள்தான் என்பது உறுதியாயிற்று.

இரண்டாவது நெகடிவில் நாற்காலி காலி. "முதல் படம் எடுத்ததும் 'பால் பொங்கிவிடும்' என்று அம்மா எழுந்து போய்விட்டாள். நாற்காலி காலியாக இருக்கிற படம் எதற்கு என்று அப்பா பிரிண்ட் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்" என்றார் பெரியப்பா.

காமிரா ஏற்கெனவே திறந்திருந்தது. பிலிமை அப்போதுதான் திருகினார். பிலிம் விறைப்பாக, தட்டையாக நின்றிருக்கிறது. படம் கோடிக்குக் கோடி தெளிவு.

வலது கோடியில் சமையலறை வாசல் தெரிந்தது. அங்கே நிலையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தபடி ஓர் உருவம். பூதக்கண்ணாடியை அங்கே நகர்த்தினேன்.

பாட்டி! மூக்குத்தி தெரிந்தது. தோடு தெரிந்தது. முகத்தில் சிரிப்புத் தெரிந்தது.

அந்தப் பகுதியைப் பெரிதாக்கி, பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் இப்போது பெரியப்பாதான் முந்திக்கொண்டு சொல்கிறார்: "எங்கள் அம்மா தலையை ஆட்டவில்லை!"